என் மகள் ஏன் மாயக்கதைகளையே படிக்கிறாள்? ஒரு நூலகரின் பதில்

காசிமேட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது. அவர் விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, ராயபுரத்துத் தெருக்களில் கொண்டுபோய் விற்பவர். கணவர் விசைப்படகில் டிரைவர். மகள் பதினோராம் வகுப்பு. பாடத்தில் குறை வைப்பதில்லை. ஆனால் ஓய்வு நேரமெல்லாம் டிராகன், சூனியக்காரி, பேசும் ஓநாய், மறைந்துபோன ராஜ்ஜியம் என்று தலையணை கனத்துக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். "என் அண்ணன், 'இல்லாத ஊர்ல குடியிருக்குது உன் பொண்ணு' என்கிறார். வகுப்பாசிரியை, படிப்பதுதான் படிக்கிறாள், உபயோகமானதைப் படிக்கச் சொல்லுங்கள் என்கிறார். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? பொய்யென்று தெரிந்தும் ஏன் அழுகிறாள்? நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஒரு நாள் 'நீயும் படிம்மா' என்று ஒரு புத்தகத்தை நீட்டினாள்; நான்கு பக்கம் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். இதை நிறுத்தச் சொல்வதா, விடுவதா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

'பொய்யென்று தெரிந்தும் ஏன் அழுகிறாள்' என்ற உங்கள் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வடசென்னையின் கிளை நூலகங்களில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் புத்தகம் எடுத்துக் கொடுத்து வருகிறவன் நான். மாயக்கதைகளைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவே வேர்க் கேள்வி. இதற்கு விடை கண்டால் உங்கள் அண்ணனுக்கும் ஆசிரியைக்கும் சொல்ல வேண்டிய பதில் தானாகவே வந்துவிடும்.

நான் வளர்ந்தது வியாசர்பாடியில். ஆடி மாதத்தில் எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்கு விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த வருடம் இரணியன் வேடம் கட்டியவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அரிதாரம் பூசிக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் தாத்தாவிடம் கொடுத்துவைத்தார்; அவர் மணிக்கட்டில் வெயில் படாத அந்த வெளுத்த பட்டை மட்டும் வளையம்போலத் தெரிந்தது. முகத்தில் சிவப்பு ஏறியது, மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் ஏறின, மேடைக்குப் போகும் முன் அம்மா கொடுத்த டீயைக் கிரீடம் இடிக்காமல் தலையைச் சாய்த்துக் குடித்தார். அத்தனையையும் அருகில் நின்று பார்த்த நான்தான், நள்ளிரவில் திரை விலகி அவர் ஓர் அதட்டுப் போட்டபோது தாத்தாவின் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கை ஓங்கும்போதெல்லாம் அந்த வெளுத்த பட்டை என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. எங்கள் வீட்டு டீயைக் குடித்த மனிதர்தான் அவர் என்பதும் தெரியும், பிரகலாதனைக் கொல்ல வந்த இரணியன் அவரே என்பதும் தெரியும்.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-இல், வாசகன் தன் அவநம்பிக்கையைத் தானே விரும்பிச் சற்று நேரம் ஒத்திவைக்கிறான் என்று இந்த நிலையை விளக்கினார். உங்கள் மகள் படிக்கும் வகைக் கதைகளுக்கு நம் காலத்தில் பெரும்பாதை போட்டவர்களில் ஒருவரான டோல்கீன், 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அதை ஏற்கவில்லை. நல்ல கதைக்குள் இருப்பவன் எதையும் ஒத்திவைப்பதில்லை, கதாசிரியன் படைத்த உலகத்துக்குள் மனம் போய்விடுகிறது, அவ்வுலகத்தின் விதிப்படி அங்கே நடப்பவை உண்மை, அவநம்பிக்கை தலைகாட்டிய கணமே மாயம் கலைந்துவிடும் என்பது அவர் கட்சி. இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம். திண்ணையில் நின்ற பிள்ளைக்கு வெளுத்த பட்டையும் தெரிந்தது, பயமும் குறையவில்லை. ஒன்றை மறந்துதான் மற்றொன்றை அனுபவிக்க வேண்டும் என்ற கட்டாயம் மனத்துக்கு இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஏந்திக்கொண்டிருப்பதுதான் மாயக்கதை தரும் முதல் இன்பம். ஓர் ஓநாய் செத்ததற்கு விசும்பி அழுதுவிட்டு, புத்தகத்தை மூடியதும் 'இன்னைக்கு என்ன குழம்பு' என்று உங்கள் மகள் கேட்பாளானால், அவள் இல்லாத ஊரில் குடியிருக்கவில்லை. எந்த ஊருக்கு எப்போது போய் எப்போது திரும்புவது என்று நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

இனி, அந்த உலகத்தில் அவள் எதைத் தேடிப் போகிறாள் என்பதைப் பார்ப்போம். இதற்கு நான் வெளியூர்ப் பேராசிரியர்களைவிட நம் தொல்காப்பியரையே அதிகம் நம்புகிறேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மனித உணர்ச்சிகளை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தவர், சிரிப்புக்கும் அழுகைக்கும் சமமாக மருட்கையையும், அதாவது வியப்பையும், உட்கார வைத்திருக்கிறார். சிரிக்கவே சிரிக்காத பிள்ளையைக் கண்டால் நாம் கவலைப்படுவோம். வியக்கவே வியக்காத பிள்ளையைக் கண்டால் பொறுப்பான பிள்ளை என்று சொல்லிவிடுகிறோம். இது சரியில்லை என்று எனக்கு வெகுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. அந்த வியப்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் அவர் சொல்லிவைத்தார்: 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.' இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக ஆவது என்ற நான்கும் அறிவால் அளந்து முடிக்க முடியாத வியப்பைத் தரும் என்பது பொருள். உங்கள் மகளின் அலமாரியிலிருந்து எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பார்த்திராத நாடு இருக்கும், மலைபோல ஒரு மிருகம் இருக்கும், உள்ளங்கையில் நிற்கும் ஓர் ஆள் இருப்பான், பெண் பறவையாவாள் அல்லது வேலைக்காரப் பையன் அரசனாவான்.

இவற்றில் புதுமையும் பெருமையும் எல்லா வயதுக்கும் பொது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைகள் எதற்காக இந்தக் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்றால், ஆக்கத்துக்காக, அதாவது ஒன்று மற்றொன்றாக ஆவதைக் காணத்தான் என்று என் மேசைக்கு வந்துபோன பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். அந்த வயதில் உடம்பு மாறுகிறது, குரல் மாறுகிறது, நேற்றுவரை பேசிய மாமன் மகன் இன்று பேசக் கூசுகிறான், அடுத்த வருடம் எந்தப் பாடம், எந்தக் கல்லூரி, எந்த வேலை என்று எல்லாரும் கேட்கத் தொடங்குகிறார்கள். தான் என்னவாக ஆகப்போகிறோம் என்ற கேள்வி அவர்களுக்கு ராத்தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. உண்மை மனிதர்களைப் பற்றிய கதை இக்கேள்வியைச் சுற்றி வளைத்துத்தான் தொட முடியும். மாயக்கதையோ நேராக ஒருத்தியை நரியாக மாற்றிவிட்டு, இப்போது இவள் யார், தாய் இவளை அடையாளம் காண்பாளா, திரும்பிவர வழியுண்டா என்று கேட்டுவிடுகிறது.

அடுத்து, பெரியவர்கள் மாயக்கதையைப் பற்றிப் பெரும்பாலும் தவறாக எண்ணும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மந்திரம் வந்துவிட்டால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், ஆகவே இது சோம்பேறிக்கு ஏற்ற வாசிப்பு என்று நினைக்கிறார்கள். நல்ல மாயக்கதையில் நிலைமை நேர் எதிரானது. விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறி வேதாளத்தை இறக்கிச் சுமந்து வருகிறான். வாய் திறந்தால் வேதாளம் மறுபடியும் மரத்துக்குப் போய்விடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை, ஒருவன் ஒரு பிணத்தைச் சுமந்துகொண்டு போகிறான், அவ்வளவுதான். அதே விக்கிரமாதித்தனுக்குச் சிம்மாசனத்தில் அமர்ந்து ஆயிரம் ஆண்டு ஆள வரம் கிடைக்கிறது. தம்பியும் மந்திரியுமான பட்டி தனக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவிட்டு, அண்ணனோ ஆயிரத்தோடு நின்றுவிடுவாரே என்று யோசித்து, ஆறு மாதம் சிம்மாசனத்தில் இருங்கள், ஆறு மாதம் காட்டுக்குப் போங்கள், வரத்தின் வாசகப்படி சிம்மாசனத்தில் இருக்கும் காலம்தானே கணக்கு என்கிறான். காடாறு மாதம், நாடாறு மாதம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு நுட்பமான ஒரு வாதம் இருக்கிறது. இரணியன் வாங்கிய வரமும் அப்படித்தான்: பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது, வெளியிலும் கூடாது. விடியும்வரை கண்விழித்த எங்கள் தெருவுக்கு முடிவு தெரியாமலா இருந்தது? அத்தனை பூட்டுக்கும் ஒரே சாவியாக அந்திப்பொழுதும் வாசற்படியும் வந்து பொருந்துகிற அழகைக் காணத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மாயக்கதை வாசகர் இந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறார், கதாசிரியர் எங்கேயாவது வாக்குத் தவறுகிறாரா என்று கவனிக்கிறார், தவறினால் கோபப்படுகிறார். வெளியுலகத்தில் விதி என்று எழுதிவைத்ததெல்லாம் ஆளுக்கு ஆள் வளைவதைப் பார்த்து வளரும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு, மந்திரவாதிக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே விதி, மந்திரத்துக்கு ஒரு விலை, அந்த விலையை யாரும் கொடுக்காமல் தப்ப முடியாது என்ற உலகம் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

'உண்மையிலிருந்து ஓடுகிறாள்' என்பதே உங்கள் அண்ணனின் பேச்சில் உள்ள குற்றச்சாட்டு. டோல்கீன் நான் சொன்ன அதே உரையில், சிறைப்பட்டவன் வீட்டை நினைத்துத் தப்ப விரும்புவதையும் போர்க்களத்திலிருந்து வீரன் ஓடிப்போவதையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள் என்று இதற்குப் பதில் சொன்னார். நல்ல பதில். எனினும் நம்மிடம் இதைவிடக் கிட்டத்தில் ஒரு சான்று இருக்கிறது. மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரத்தால் வானில் பறக்கிறாள், வேற்றுருவம் எடுக்கிறாள், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. மாயக்கதைக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது; ஆனால் அந்தப் பாத்திரத்தோடு அவள் எங்கே போகிறாள்? பசித்தவர்களிடம் போகிறாள், சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து கைதிகளுக்குச் சோறிடுகிறாள். பசி என்பதைக் கண்டு கொதித்த ஒரு மனம்தான் குறையாத பாத்திரத்தைக் கற்பனை செய்ய முடியும்.

அதே காப்பியத்தில் புகார் நகரைக் கடல் கொள்கிறது. காணாமல்போன மகனைத் தேடிய துயரத்தில் சோழன் இந்திரவிழாவை மறந்தான், அதனால் சாபம் பலித்தது என்பது கதை சொல்லும் காரணம். சென்னைத் துறைமுகம் எழும்பியபின் தெற்கிலிருந்து வந்த மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்றது, மணல் வரத்து நின்ற வடக்கே கடல் கரையைத் தின்றது என்பது நம் ஊருக்குப் பொறியாளர் சொல்லும் காரணம். இந்தக் காரணத்தை உங்கள் மகள் புவியியல் பாடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவாள். ஆனால் கொட்டியிருக்கும் பாறைகளின்மேல் நின்று, அலை உடையும் இடத்துக்கும் அப்பால் கையை நீட்டி, "அங்கதான் எங்க தெரு இருந்துச்சு" என்று ஒரு கிழவர் சொல்லக் கேட்ட பிள்ளைக்கு, தண்ணீருக்கடியில் விளக்கெரியும் நகரத்தைப் பற்றிய கதை வெறும் கற்பனையாகப் படாது. தன் கரையில் நடந்த ஒன்று தன்னால் ஏந்த முடிகிற வடிவத்தில் கைக்கு வந்ததாகவே படும். உண்மையை விட்டு ஓடுபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உண்மைக்குள் இன்னும் ஆழமாக இறங்க இந்த வழியைப் பிடிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும்போது எங்கள் நூலகத்துக்கு வரும் பெரியவர்களில் சிலர், நாளிதழை முடித்த கையோடு மந்திரவாதிக் கதைகளைக் கேட்பார்கள். புயலில் படகைக் கரைசேர்த்த மனிதர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து வாழ்க்கைக்குப் பயந்தவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆசிரியை சொன்ன 'உபயோகம்' என்பதற்கு நான் கடுமையாகப் பதில் எழுத விரும்பவில்லை. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். வேலையில் சேர்ந்த புதிதில், லாரிப் பட்டறையில் எடுபிடியாக இருந்த ஒரு பையன் கையில் கிரீஸ் கறையோடு வந்து மாயாஜாலக் கதை கேட்டான். உனக்கு இதைவிடப் பொது அறிவுப் புத்தகம் பயன்படும் என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். மறுவாரம் அதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு வரவே இல்லை. அவனுடைய அட்டை ஒரே ஒரு பதிவோடு பல வருடம் என் மேசைப் பெட்டியில் இருந்தது. நம் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த நான், அந்தப் பையனிடம்தான் அதை மீறினேன்.

உபயோகத்தைப் பற்றியே கேட்டாலும், அறுநூறு பக்கத்தைப் பொறுமையாகப் படித்து, நாற்பது பாத்திரங்களின் பெயரையும் உறவையும் நினைவில் வைத்து, சொல்லப்படாததை ஊகித்துக்கொண்டு போகிற பழக்கம் எந்தப் பாடத்துக்கும் உதவும். மேலும் இது ஏதோ அயல்சரக்கு என்ற எண்ணமும் வேண்டாம். பாட்டு அல்லாத உரைநடையைத் தொல்காப்பியர் நான்காகப் பிரித்தபோது, 'பொருளொடு புணராப் பொய்ம்மொழி'யையும் அதில் ஒரு வகையாகச் சேர்த்தார். யானையும் குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று சொல்லும் கதைகளை அதற்கு எடுத்துக்காட்டுகிறார், பேராசிரியர் என்றே பெயர் வழங்கும் பழைய உரையாசிரியர்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கமும் சாப்பாடும் கெட்டால், நெடுநாள் தோழிகளை ஒதுக்கினால், பள்ளிக்குப் போக மறுத்தால், கதையில் வருவது நிஜமாகவே தன்னிடம் பேசுவதாகச் சொன்னால், அப்போது புத்தகத்தைப் பிடுங்குவதால் பயனில்லை; வேறு ஏதோ ஒன்று அவளை வருத்துகிறது என்று கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கேட்கலாம். உங்கள் கடிதத்தில் இந்த அடையாளங்களில் ஒன்றுகூட இல்லை. ஆகவே நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

விட்டுவிடுவது மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். 'நீயும் படிம்மா' என்று அவள் நீட்டியதை நீங்கள் நான்கு பக்கத்தோடு வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை தான் போய்வருகிற ஊருக்குத் தாயை அழைப்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை, சகோதரி. அந்தக் கனத்த புத்தகம் வேண்டாம். அதன் மொழிபெயர்ப்பு நடை பழகியவர்களுக்கே சில இடங்களில் முள்ளாகக் குத்தும். உங்களுக்கென்றே ஒரு வகைப் புத்தகம் நம் வடசென்னையிலேயே அச்சாகி வந்தது. கொண்டித்தோப்பிலிருந்து பல தலைமுறைகளாக ஊர் ஊராகப் போன பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் கண்பார்வை மங்கியவர்களும் சிரமமில்லாமல் படிக்கவும், ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கவும் ஏற்றபடி பெரிய பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டவை. 1947-இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவும் அதே வேதாளத்தை மாதாமாதம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. உங்கள் வயதுக்காரர்கள் பலர் அதைப் படித்தவர்கள்தான்.

எங்கள் நூலகத்தில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் ஒரு பிரதி இருக்கிறது. முதுகுத்தையல் சற்றுத் தளர்ந்திருந்தாலும் பக்கங்கள் முழுமையாக உள்ளன. அதை உங்கள் மகளின் அட்டையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்குப் போய்வந்து நீங்கள் கால் நீட்டி உட்காரும் நேரத்தில் விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் பதுமைகளில் ஒன்று சொல்லும் கதையை அவள் வாய்விட்டு வாசிக்கட்டும். வேதாளம் கேள்வி கேட்டு நிறுத்தும் இடங்களில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, விடையை நீங்கள் இருவரும் பேசிப் பாருங்கள். மறுநாள் உங்கள் முறை: உங்கள் ஆயா கடலைப் பற்றியும் கரையைப் பற்றியும் சொன்ன கதை ஒன்றாவது உங்களுக்கு நினைவிருக்கும். அதை நீங்கள் சொல்லுங்கள்; அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.